விரல் நுனியில் ஒரு வரலாறு

2022ல ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டுல இந்தியத் தொல்லியல் துறை தோண்டினப்போ கற்கருவிகள் கிடைச்சுது. செஞ்சவங்க கூர்மையை விரலால தடவித்தான் பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். தொல்காப்பியமும் தொடுதலைத்தான் முதல் அறிவாக வைக்கிறது.

தோல் அழுந்தினால் நரம்பு நுனியில் ‘பீசோ2’ என்ற புரதக் கதவு திறந்து மின்துடிப்பு கிளம்பும். இதற்காக ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021 நோபலில் பங்கு. அழுத்தம் கூடினால் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும் என்று 1926லேயே எட்கர் ஏட்ரியன் காட்டிவிட்டார்.

என் அண்ணன் அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்புப் பாகத்தைத் தடவியே பிசிறு கண்டுபிடிப்பார். கிரைண்டர் அதிர்வுல இப்போ விரல் மரத்துப்போகுதாம். நடுவுல கொஞ்சம் ஓய்வு: அவர் கேட்கிறது அவ்வளவுதான்.