பச்சைப் புல்தரை யாருக்கு?

மாலை நேரம். குரும்பலூரைச் சுற்றியுள்ள காடுகளிலே நாளெல்லாம் குனிந்து களை பறித்த பெண்கள், முதுகு நிமிர்த்தி வீடு திரும்புகின்றனர். காலையில் அடுப்பு, பகலில் காடு, மாலையில் மீண்டும் அடுப்பு! இடையிலே ஆடவும் பாடவும், தோழியருடன் அமர்ந்து நாலு வார்த்தை பேசிச் சிரிக்கவும், அவர்களுக்கென ஊரிலே ஓர் இடம் உண்டா? “பாடுபடுகிறவளுக்கு விளையாட்டு ஒரு கேடா?” என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்காகவே ஒரு புல்தரையின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

குரோக்கே என்றோர் ஆட்டம். தச்சர் கையாளும் கொட்டாப்புளிக்கு நீண்ட காம்பு மாட்டியது போன்ற மரச்சுத்தி. நான்கு வண்ணங்களில் நான்கு பந்துகள். தரையிலே நட்ட கம்பி வளைவுகள் ஆறு. பந்தைத் தட்டித் தட்டி வளைவுகளின் ஊடே இருமுறை செலுத்தி, இறுதியில் நடுவிலுள்ள முளையிலே முட்டச் செய்ய வேண்டும். முழு அளவுத் தரை 105 அடி நீளம், 84 அடி அகலம். ஓட வேண்டியதில்லை, மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. கண்ணும் கணக்கும் போதும்.

அயர்லாந்திலிருந்து 1850களிலே இங்கிலாந்துக்குப் பரவிய இந்த ஆட்டம், சில ஆண்டுகளுக்குள் செல்வர் வீட்டுத் தோட்டங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் அருமை மட்டுமா காரணம்? அன்று! ஆணும் பெண்ணும் ஒரே தரையிலே, ஒரே விதிக்குட்பட்டு நின்று ஆடினர். இடுப்பை இறுக்கும் உடையும் நிலத்தைப் பெருக்கும் பாவாடையுமாகக் கூடத்திலே பொம்மைபோல் அமர்த்தப்பட்டிருந்த பெண், வெளியே வந்தாள், ஆடவனின் பந்தைத் தன் பந்தால் முட்டித் தொலைவுக்கு விரட்டினாள், வாய்விட்டு நகைத்தாள். 1900ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது, அவர்கள் ஆடிய ஆட்டங்களில் குரோக்கேயும் ஒன்று.

ஆனால் அந்தப் பச்சைப் பட்டு எவர் உழைப்பால் விரிந்தது? எட்வின் பட்டிங் என்பார் 1830இல் புல்வெட்டும் பொறியைக் கண்டறிந்தார். ஆலையிலே துணியின் மேற்பரப்பைச் சீவும் பொறிதான் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. பொறி வந்த பின்னும் புல்லைச் சமப்படுத்தக் கனத்த உருளை வேண்டும். இழுக்க ஆளோ குதிரையோ வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். 1868இல் தோன்றி விம்பிள்டனிலே இடம் பிடித்த குரோக்கே கிளப், 1877இல் ஒரு டென்னிசுப் போட்டியை நடத்தியது. மட்டக்குதிரை இழுக்கும் உருளையைப் பழுதுபார்க்க நிதி திரட்டவே அந்தப் போட்டி என்பர். உலகப் புகழ் விம்பிள்டன் போட்டி பிறந்த கதை அது!

அதே 1877. இங்கே சென்னை மாகாணத்திலே என்ன நடந்தது? பெரும் பஞ்சம்! நிவாரண வேலையிலே மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அளந்து சொன்னார், அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலே மாண்டவர் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அங்கே உருளைக்கு நிதி. இங்கே உயிருக்கு நிறுவை!

அந்தப் புல்தரை வாழ்வை வெள்ளையர் இங்கும் விரித்தனர். சென்னையிலே 1832இல் மெட்ராஸ் கிளப் எழுந்தது; வெள்ளைக்கார ஆடவருக்கே அது உரியது. 1890இல் அடையாறு கிளப் தோன்றியது. அங்கே வெள்ளைக்காரப் பெண்டிருக்கு இடம் கிடைத்தது, இந்நாட்டு மக்களுக்கோ கிடைக்கவில்லை. புல் வெட்டியவர் நம்மவர். தண்ணீர் தெளித்தவர் நம்மவர். உருளை இழுத்தவரும் நம்மவர். மாலையானதும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவரும் நம்மவரே! கதவு திறக்குமெனக் காத்திராமல், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி நம்மவரை மட்டை பிடிக்கச் செய்தார் புச்சிபாபு நாயுடு. 1963இல் மெட்ராஸ் கிளப்பும் அடையாறு கிளப்பும் ஒன்றாயின. ஆள்வோர் மாறினர், விதிகளும் மாறின.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எகிப்து சான்று. கெய்ரோவில் ஆங்கிலேயர் 1882இல் அமைத்த கெசீரா கிளப், 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு எகிப்தியருக்குத் திறந்தது. குரோக்கேயின் ஒரு வகையான கோல்ஃப் குரோக்கேயில் முதல் உலகப் போட்டி 1996இல் நடந்தது. வென்றவர் யார்? எகிப்தியர் காலித் யூனிஸ்! வாயிலிலே தடுக்கப்பட்டோரின் வழித்தோன்றல், வாகை சூடினார். திறமை எவருடைய தோட்டத்துப் பூவுமன்று.

வெள்ளையனின் கதவைக் கண்டு சீறுகிறோம், சீற வேண்டியதுதான். ஆனால் நம் ஊர்க் கதவுகளை எண்ணிப் பார்த்தோமா? ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம், ஆலமரத்தடி மேடை. இவையெல்லாம் ‘பொது’ என்கிறோம். அங்கே அமர்ந்து கதை பேசியோர் யார்? மேல்சாதி ஆடவர்! சேரியில் வாழ்ந்தோர் எட்டி நின்றனர். பெண்கள் எட்டிப் பார்க்கவும் அஞ்சினர். வெள்ளையன் விலக்கை விதியாக எழுதி வைத்தான். நாமோ எழுதாமலே தலைமுறை தலைமுறையாகக் காத்தோம்! எழுதிய விதியை ஒரு கையெழுத்தால் அழிக்கலாம். எழுதாத விதியை எந்தக் கையெழுத்து அழிக்கும்?

குரும்பலூருக்குக் குரோக்கே வேண்டும் என்றா கேட்கிறோம்? இல்லை. தண்ணீருக்கு ஏங்கும் மண்ணிலே புல்லுக்கு நீர் பாய்ச்சச் சொல்லவில்லை. சமமான தரை ஒன்று, நிழலுக்கு நாலு வேம்பு, இருட்டினால் எரிய ஒரு விளக்கு. எந்தத் தெருவில் பிறந்த சிறுமியும் பந்தெடுத்து ஆடவும், அவள் தாய் அச்சமின்றி அருகமர்ந்து இளைப்பாறவும் இடம்! ஓய்வு என்பது உழைப்பவருக்கு எவரும் இடும் பிச்சையன்று. அவர் ஈட்டிய கூலியிலே ஒரு பகுதி.

வளைவுக்குள்ளே பந்து நுழைந்தால் ஆட்டத்தில் வெற்றி. வாயிலுக்குள்ளே மனிதர் நுழைந்தால்தான் நாட்டுக்கு வெற்றி!