கெட்டுப்போன ஆண்டெனாவும் ஒரு பழைய யோசனையும்

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்து அந்த 'டடக் டடக்' சத்தத்தைக் கேட்டவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே நம் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சரியான அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை ஆட்டினால் அது புரளும். இதற்குக் காந்த ஒத்ததிர்வு என்று பெயர். இதைக் கண்ட பர்செல், பிளாக் இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1946-இல் ஹார்வர்டில் பர்செலிடம் வந்து சேர்ந்தவர் நிக்கோலாஸ் புளூம்பெர்கன் என்ற டச்சு இளைஞர். போர்க்காலப் பஞ்சத்தில் துலிப் கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு, லாந்தர் வெளிச்சத்தில் குவாண்டம் இயற்பியல் படித்தவர். 1961-இல் அவர் கேட்ட கேள்வி இது: காந்தமான கருவை மின்புலத்தால் ஆட்ட முடியாதா?

கேள்வி விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் சில கருக்கள் முழு உருண்டை அல்ல. திடப்பொருளுக்குள் மின்புலம் செலுத்தினால் பக்கத்து அணுக்களோடு உள்ள பிணைப்பு லேசாகத் திரியும்; அந்தத் திரிபு உருண்டையல்லாத கருவைத் தொடும். மின்புலத்தால் ஒத்ததிர்வு இடம் மாறுவதைப் படிகங்களில் பார்த்தும் விட்டார்கள். ஆனால் ஒற்றைக் கருவை மின்புலத்தால் ஆட்டிவைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதுவும் ஒரு விபத்தால். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா மொரெல்லோவின் குழு, சிலிக்கானில் ஒரே ஒரு ஆன்டிமனி அணுவை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தது. காந்தப்புலத்துக்கான நுண் ஆண்டெனாவில் அளவுக்கு மீறிச் சக்தியைச் செலுத்தியதில் அது கெட்டுப்போனது. வேறு கருவாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆன்டிமனியோ தொடர்ந்து பதில் சொன்னது! செர்வான் அசாத், வின்சென்ட் மூரிக் முதலியோர் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது: பழுதான ஆண்டெனா வலுவான மின்புலத்தை உண்டாக்கியிருக்கிறது, கரு அதற்குத்தான் ஆடுகிறது.

இதில் என்ன லாபம்? காந்தப்புலம் கோயில் மணி மாதிரி. ஒருவரை எழுப்ப அடித்தால் தெருவே எழுந்துவிடும். மின்புலமோ தோளைத் தட்டி எழுப்புவது. நுண்ணிய மின்முனையின் நுனியிலேயே அதை அடக்கிவிடலாம். குவாண்டம் கணினி செய்ய நினைப்பவர்களுக்கு இது பெரிய காரியம்.

2020 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. புளூம்பெர்கன் பிறந்தது 1920 மார்ச்சில். லேசர் ஆய்வுக்காக 1981-இல் நோபல் பரிசும் பெற்றவர், 2017 செப்டம்பரில் 97 வயதில் காலமாகிவிட்டிருந்தார்.