பத்தியச் சட்டி

எங்கள் காட்டுப்பள்ளிக் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கென்று தனியாக ஒரு மண்சட்டி இருக்கும். பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் சேர்த்துப் புட்டாக்குவது அதில்தான். பால் ஊறும் என்று கொடுப்பார்கள். என் ஆயா தன் மாமியாரிடம் கற்றது. அந்த மாமியார் யாரிடம் கற்றாளோ. மிளகாய் கூடாது, கருவாடு கூடாது, இறாலும் நண்டும் கிரந்தி, தொடவே கூடாது.

1996-இல் பெரியம்மாவுக்கு இடது மார்பை எடுத்தபோது அதே சட்டி அடுப்பில் ஏறியது. கத்தி பட்ட உடம்போடு வீடு திரும்பும் பெண்ணைத் தேற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பிரசவப் பத்தியம்தான்.

மீஞ்சூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிப்போம். 1923-இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து பணம் திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரிக்காகவே வாழ்ந்தார். தன் தங்கைக்காக அழுத ஒருத்தி எழுப்பிய கட்டடத்தில் என் பெரியம்மா படுத்திருந்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மருந்து ஏற்றிய வாரங்களில் அவள் வாயெல்லாம் புண். காரமில்லாத அந்தச் சுறாப்புட்டு மட்டும் தொண்டையில் இறங்கியது. அதற்காக அந்தப் பழைய கைப்பக்குவத்தைக் கும்பிடுவேன். ஆனால் பத்தியத்தின் பேரில் முட்டையையும் தயிரையும்கூட நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா துரும்பாக இளைத்தாள். "நல்லா வேகவச்சு எல்லாம் குடுங்கம்மா. இறாலும் குடுங்க, நண்டும் குடுங்க. உடம்புல தெம்பு இருந்தாத்தான் மருந்தைத் தாங்கும்" என்றார் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிரேக்க வைத்தியர்கள் இந்த நோய்க்கு நண்டின் பேரைத்தான் வைத்தார்களாம். நாம் புற்று என்கிறோம். நண்டு பிடித்துப் பிழைக்கும் ஊரில் அந்தப் பேர் தெரிந்திருந்தால் ஆயாவை யாராலும் இளக்கியிருக்க முடியாது.

சோறு ஒரு பாடு என்றால், கை பெரும்பாடு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்கலாம். ஒரு சின்னக் கீறல் போதும், சீழ் வைத்துவிடும். எங்கள் பெண்களுக்கோ இறால் உரிப்பதும், அரிவாள்மனையில் மீன் ஆய்வதும், கூடை சுமப்பதும்தான் பிழைப்பு. இறாலின் கொம்பு குத்தாத விரல் எங்கள் ஊரில் கிடையாது. பெரியம்மா கூடை தூக்காத இரண்டு வருஷமும் மற்றப் பெண்கள் அவள் மீனையும் ஆய்ந்து விற்று, ஒரு கூறு காசை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

கை விறைத்துப்போகாமல் இருக்க விரல்களால் சுவரில் ஏறச் சொல்லியிருந்தார்கள். எட்டிய உயரத்தில் நான் கரியால் கோடு போடுவேன். துறைமுகம் வந்து குப்பம் இடம் மாறியபோது கோடுகளோடு அந்தச் சுவர் போயிற்று. சட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தோம்.

போன ஆடியில் எதிர்வீட்டு அண்ணி அதே ஆபரேஷன் முடிந்து வந்தாள். பெரியம்மாவே சட்டியைக் கழுவி, புட்டு செய்து, மேலே நாலு இறாலும் வைத்துக் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு ஜோடி ரப்பர் கையுறை.