ஏரியைக் காத்த இல்லங்கள்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்க்களங்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு நீர்நிலையை அதன் கரையில் வாழ்ந்த மக்கள் கூடிநின்று காத்த செய்தியும் வரலாறுதான். ஜப்பான் நாட்டின் பிவா ஏரிக்கரையில் நிகழ்ந்த அத்தகைய வரலாறு ஒன்றை இங்கே சுருக்கமாகத் தருகின்றேன். நாம் சிந்திப்பதற்குரிய செய்திகள் அதில் நிறைய உள்ளன.

ஏரியும் அதன் கரையும்

ஜப்பானிலேயே மிகப் பெரிய ஏரி பிவா. அதன் பரப்பு ஏறத்தாழ 670 சதுர கிலோ மீட்டர். அது அமைந்துள்ள ஷிகா மாகாணத்தின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கை இந்த ஏரியே நிரப்பி நிற்கின்றது. சுற்றிலுமுள்ள மலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான ஆறுகளும் ஓடைகளும் அதில் வந்து கலக்கின்றன. ஆனால் நீர் வெளியேறும் இயற்கை வழி செட்டா ஆறு ஒன்றுதான். ஆகவே ஏரிக்குள் சேரும் அழுக்கு எளிதில் வெளியேறுவதில்லை. 1890ஆம் ஆண்டில் இந்த ஏரியிலிருந்து கியோட்டோ நகருக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. கியோட்டோ, ஓசாகா, கோபே ஆகிய பெருநகரங்களை உள்ளிட்ட பகுதியில் இன்று ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் மக்கள் இந்த நீரையே நம்பி வாழ்கின்றனர்.

முன்னோர் கண்ட முறை

ஏரியின் மேற்குக் கரைப் பகுதியில் ஹரியே என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள வீடுகளில் 'கபாட்டா' எனப்படும் நீர்த்தொட்டி அமைப்பு தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீர் முதலில் ஒரு தொட்டியில் நிறையும். அது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது. அங்கிருந்து வழிந்து அடுத்த தொட்டிக்குச் செல்லும் நீரில் பாத்திரங்களைக் கழுவுவர். அத்தொட்டியில் வளரும் கெண்டை மீன்கள் உணவுத் துணுக்குகளைத் தின்றுவிடும். பின்னர் அந்நீர் தெருவோரக் கால்வாயை அடைந்து, கீழ்ப்புறத்து வீடுகளைக் கடந்து, ஏரியில் சேரும்.

மேல்வீட்டார் கழுவிய நீர் கீழ்வீட்டார் வாசல் வழியாகவே போகும். அதனால் அண்டை வீட்டாரை எண்ணியே ஒவ்வொருவரும் நீரைப் புழங்கினர். கால்வாய்களை ஊரார் ஒன்றுகூடித் துப்புரவு செய்யும் வழக்கமும் அங்கு நிலைத்துள்ளது.

வந்து சேர்ந்த கேடு

1960களில் ஜப்பானின் தொழில்வளம் பெருகியது. ஏரியைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன; மக்கள்தொகை கூடியது; வீடுகள்தோறும் சலவை இயந்திரமும், அதனுடன் பாஸ்பரஸ் கலந்த செயற்கைச் சலவைத்தூளும் நுழைந்தன. அக்காலத்தில் அங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை வசதி கிடையாது. துவைத்த நீர் நேராக ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும் சென்றது. பயிருக்கு உரம் எப்படியோ, அப்படியே பாசிக்குப் பாஸ்பரஸ். ஏரியில் பாசியினம் மிதமின்றிப் பெருகத் தொடங்கியது.

1977ஆம் ஆண்டு மே மாதம் ஏரியின் நீர் பரந்த அளவில் செம்பழுப்பு நிறமாக மாறியது. நுண்ணிய பாசியுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகியதே அதற்குக் காரணம். மீன்வாடை வீசிய அந்த நீரைக் கண்டு கரைவாழ் மக்கள் திடுக்கிட்டனர்.

இல்லத்தரசிகளின் இயக்கம்

இத்தகைய வேளையில் மக்கள் பிறர்மீது பழி சுமத்துவது இயல்பு. தொழிற்சாலைகளைச் சுட்டிக்காட்ட அங்கும் இடமிருந்தது. ஆனால் ஷிகாவின் பெண்கள், தங்கள் வீட்டுச் சலவை நீருக்கும் இக்கேட்டில் பங்குண்டு என்பதை உணர்ந்தனர். செயற்கைச் சலவைத்தூளால் கைகளில் தடிப்பும் குழந்தைகளுக்குத் தோல் புண்ணும் உண்டாவதாக அவர்களில் சிலர் முன்னரே கவலை கொண்டிருந்தனர். 1977க்குப் பின்னர் அக்கவலை ஏரியைக் காக்கும் இயக்கமாக விரிந்தது. பெண்கள் சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள், தொழிலாளர் சங்கங்கள் ஆகியவை கைகோத்தன. செயற்கைத் தூளை விட்டு, எண்ணெயிலிருந்து செய்யப்படும் பழைய சோப்புத்தூளுக்குத் திரும்புவது என்பதே அவர்கள் எடுத்த முடிவு. பொரித்து எஞ்சிய சமையல் எண்ணெயை வீடு வீடாகச் சேகரித்துச் சோப்புக் காய்ச்சும் பணியும் தொடங்கியது.

இது எளிய செயலன்று. பழைய சோப்புத்தூள் குளிர்ந்த நீரில் நன்கு கரையாது. சரியாக அலசாவிட்டால் துணி மஞ்சளிக்கும். அந்தச் சிரமத்தை அவர்கள் விரும்பி ஏற்றனர். 1980ஆம் ஆண்டு வாக்கில் ஷிகாவின் குடும்பங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சோப்புத்தூளுக்கு மாறியிருந்தனர்.

மக்களைப் பின்தொடர்ந்த சட்டம்

அப்போது மாகாண ஆளுநராக இருந்தவர் தக்கேமுரா மசாயோஷி. பாஸ்பரஸ் கலந்த வீட்டுச் சலவைத்தூளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடைசெய்து, தொழிற்சாலைக் கழிவுநீரில் பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் வரம்பு விதிக்கும் சட்டம் முன்வைக்கப்பட்டது. சலவைத்தூள் உற்பத்தியாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1979 அக்டோபரில் மாகாண அவை அதனை நிறைவேற்றியது. 1980 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளே இன்று 'பிவா ஏரி நாள்' என வழங்குகின்றது. அதனையொட்டி மக்கள் திரளாகக் கரைக்கு வந்து குப்பைகளை அகற்றுகின்றனர்.

சட்டத்திற்கு முன்னரே மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்றத் தொடங்கிவிட்டனர் என்பதே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. மக்கள் விரும்பாத சட்டம் ஏட்டில் இருக்கும். மக்கள் முன்சென்ற வழியில் வரும் சட்டமே நாட்டில் நிற்கும்.

வெற்றிக்குப் பின்னும் பணி

கதை இத்துடன் முடியவில்லை. விரைவிலேயே உற்பத்தியாளர்கள் பாஸ்பரஸ் இல்லாத செயற்கைத் தூளைச் சந்தைக்குக் கொண்டு வந்தனர். மக்களிற் பலர் மீண்டும் அதற்கே திரும்பினர். சோப்புத்தூளின் பயன்பாடு சரிந்தது. சேகரித்த எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சோர்ந்துவிடாமல் அதனை வண்டிகளுக்கு எரிபொருளாக மாற்ற முனைந்தனர். ஐட்டோ என்னும் சிற்றூரில் 1998இல் கடுகினச் செடியைப் பயிரிட்டு, எண்ணெய் எடுத்து, சமைத்து, எஞ்சியதை எரிபொருளாக்கும் திட்டம் உருவாயிற்று.

பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் நீக்கவல்ல கழிவுநீர் நிலையம் 1982 முதல் இயங்கியது. கரையோர நாணற்காடுகளைக் காக்க 1992இல் தனிச்சட்டம் வந்தது. முன்னதாக, 1984இல் உலக ஏரிகள் மாநாடு முதன்முதலாக இங்கேதான், ஓட்சு நகரில் கூடியது.

இன்று அந்த ஏரிக்குப் புதியதொரு சோதனை. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடியாழத்திற்கு இறங்கி, உயிர்வளியைக் கொண்டு சேர்ப்பது வழக்கம். குளிர் குறைந்த பருவங்களின் காரணமாக 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் அது வடபகுதியில் முழுமையாக நிகழவில்லை. உலகமே வெப்பமடைந்து வருவதால் விளையும் இக்கேட்டைக் கரைவாழ் மக்கள் தனித்து நின்று தீர்த்துவிட இயலாது. ஆயினும் 2021இல் ஏரிக்கான புதிய இலக்குகளை வகுத்துக்கொண்டு அவர்கள் பணியைத் தொடர்கின்றனர்.

அன்பர்களே! பிவா ஏரிக்கரைப் பெண்கள் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நம் வீட்டிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போய்ச் சேருகின்றது? இக்கேள்வியை நம் மஹல்லாவின் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒருமுறை கேட்டு, விடையைத் தேடி அறிவோமாக. அந்நீர் சென்று சேரும் இடத்திலும் யாரோ சிலர் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர்.