கெண்டைக்கால் வலி

முழங்காலுக்குக் கீழே காலின் பின்புறம் திரண்டிருக்கும் ஆடுதசையில் அடிக்கடி தோன்றும் கடும் வலி, தசை, நரம்பு, தமனி, சிரை ஆகிய நான்கில் எதிலிருந்தும் பிறக்கலாம் என்பதால், வலி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, எப்போது வருகிறது, எதனால் தணிகிறது என்பதே மருத்துவருக்குக் காரணத்தைக் காட்டித் தருகிறது.

திருவனந்தபுரத்தில் தமிழ் அக்கிரகாரத் தெருக்கள் அமைந்த கரமனை போன்ற பகுதிகளில், மலையாளம் பேசுவோர் ‘மசில் கயறி’ என்று சொல்வது தமிழில் குரக்குவலி எனப்படும். பெரும்பாலும் இரவில், தசை தானாகச் சுருங்கிக் கட்டிபோல் உருண்டு நிற்கும் இந்நிலை முதியோரிடமும் கருவுற்ற பெண்களிடமும் மிகுதி. சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகளாலும் வரலாம். முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் இது விடும். முன்பு இதற்குத் தரப்பட்ட குவினைன், இரத்தத் தட்டணுக்களைக் குறைத்தல் போன்ற கேடுகளால் இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

குறிப்பிட்ட தூரம் நடந்ததும் பிடித்து, நின்றால் விட்டு, மீண்டும் அதே தூரத்தில் பிடிக்கும் வலி வேறு வகையானது. தமனி குறுகி, உழைக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் எட்டாமையே இதற்குக் காரணம். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்நோய் உண்டெனக் கொள்வர். நீரிழிவும் புகையும் இதன் முதன்மைக் காரணங்கள். பீடி புகைக்கும் இளவயது ஆண்களிடம் காணப்படும், 1908இல் லியோ பர்கர் விரிவாக விளக்கிய பர்கர் நோயில், சிறு தமனிகள் அழன்று அடைபட்டு விரல்கள் அழுகவும் கூடும். புகையை முற்றாக விடாதவருக்கு எந்த அறுவையும் நிலைத்த பயன் தருவதில்லை. தண்டுவடக் குழாய் குறுகுவதாலும் நடக்கையில் இத்தகைய வலி வருமெனினும், அது வெறுமனே நிற்பதால் தணியாது, உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோதான் தணியும்.

கேரளத்து வீடுகளில் எந்தக் கால்வலிக்கும் முதலில் கை போவது குழம்புக் குப்பிக்கே. ஆயுர்வேதத் தைலமான அதைத் தேய்ப்பது பிடிப்புக்கு இதமளிக்கலாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, தொட்டால் நோகுமானால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது அழுத்தித் தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே கேடாகலாம். நெடுநாள் படுக்கை, அண்மையில் நடந்த அறுவை, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் வரும் வலியில் இந்த ஐயம் முதலிடம் பெறவேண்டும். டாப்ளர் என்னும் ஒலியலை ஆய்வு இதைத் தெளிவாக்கும்.

புடைத்துச் சுருண்ட சிரைகள் மாலையில் தரும் கனத்த வலிக்குக் காலை உயர்த்தி வைத்தலும் அழுத்தக் காலுறையும் போதுமானவையாக இருப்பதுண்டு.

1980ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக்கப்பட்ட திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் இரத்தக்குழாய் அறுவைக்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது.