பத்திரத்தில் ஒரு பெயர்

அம்மாச்சியின் காரியமெல்லாம் முடிந்து ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் கேட்டார்: "அம்மாவோட அப்பா பேரு?" மாமா சொன்னது வளர்த்தவர் பெயர். பெத்தவர் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அம்மா பேசவே இல்லை.

அம்மாச்சி 1940களில் தத்து வந்தவர். தத்து என்று நாமாகச் சொல்கிறோமே தவிர, சட்டப்படி அவர் தத்துப்பிள்ளையே இல்லை. பழைய இந்து சட்டத்தில் தத்து என்பது கொள்ளி வைக்க ஓர் ஆண் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. பெண்ணுக்கு அதில் இடமில்லை. சென்னை மாகாண நீதிமன்றங்கள் தேவதாசிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தன. அவர்கள் மகளைத் தத்தெடுக்கலாம். மற்ற வீடுகளில் பெண் பிள்ளை 'வளர வந்தது', அவ்வளவுதான். மகளையும் தத்தெடுக்கலாம் என்றது 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். முன்பு நடந்ததை அது தொடவில்லை.

அதன் 12-வது பிரிவைப் படித்தபோது சிரிப்பு வந்தது. தத்துப்போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு உறவு அற்றுப்போகும். ஆனால் அங்கே யாரைக் கட்டக்கூடாதோ அவர்களை இப்போதும் கட்டக்கூடாது. யாரென்று எப்படித் தெரியும்? தத்தைப் பதிவு செய்வதைக்கூட அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. (எங்க டீமில் யாராவது இப்படி டேபிள் டிசைன் பண்ணினா ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவோம்.)

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமே என்றான் நண்பன். அம்மாச்சியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மா வழியாக எனக்கும் ஏறக்குறைய மாறாமல் வந்திருக்கிறது. ஆனால் அது பேர் சொல்லாது. எதிர்ப்பக்கமும் யாராவது டெஸ்ட் எடுத்திருக்கணும்.

கிடைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில். சட்டப்படி மகள் இல்லை என்றால் சொத்து தானாக வராது. அப்படியானால் வளர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்திருக்கணும். அந்தக் கணக்கில்தான் வில்லங்கம் போட்டேன். மூன்று தடவை லீவு போட்டு அலைந்த பிறகு தானப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. நடுப்பக்கத்தில் இன்னார் குமாரத்தியும், என்னால் இரண்டு வயது முதல் வளர்க்கப்பட்டு வருபவளும் என்று ஒரு வரி. அப்பா பெயரும் ஊரும் இருந்தன. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

அம்மா அந்த வரியை இரண்டு தடவை விரலால் தடவிப் படித்தார். பிறகு, "பெத்தவ பேரு எங்கடா?" என்றார்.

அது பத்திரத்தில் இல்லை. வருகிற ஞாயிறு அந்த ஊருக்குப் போகிறோம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பத்திரம் என்றாலே அவருக்குப் பயம்.