தூத்துக்குடி முத்துப் பார்களும் கடலோரக் காவல் மரபும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் பங்குக் கணக்கையும் எழுதி வைத்தார். கிடைத்த முத்தில் மன்னருக்குப் பத்தில் ஒன்று. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒன்று. கட்டு பகலுக்கு மட்டுமே. பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அனுமதியின்றி இரவில் மூழ்கிச் சிப்பி திருடுவோரை அச்சுறுத்தவே இந்த ஏற்பாடு என்று அவர் நூலின் இத்தாலியப் பாடம் ஒன்று காரணமும் கூறுகிறது. கடல்கட்டி எனப்பட்ட அந்த மனிதரை மூடநம்பிக்கையின் எச்சமாகக் கருதுவது எளிது. கடலில் யார், எப்போது இறங்கலாம் என்பதை வரையறுத்த காவல் முறையின் உறுப்பாகவே நான் அவரைப் பார்க்கிறேன்.

அந்த மரபில் கொடுமையே இல்லை என்று வாதிட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், பாண்டியத் துறைமுகமான கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடியதும், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் முத்து வருவாய்க்கான போட்டியோடு பிணைந்தவை. ஆனால் எந்தக் கொடி பறந்தாலும், சிப்பிகள் வளரும் கடலடித் திட்டான பாரின் நிலையை அறிந்து சொல்ல உள்ளூர்க் குளியாட்களே வேண்டியிருந்தது.

டச்சு அதிகாரிகளுடன் பரதவ ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளும் குளியாட்களும் தோணிகளில் சென்று பார்களைச் சோதித்தனர். கல்லில் கால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து இறங்கிய குளியாள் மாதிரிக்குச் சிப்பிகளை அள்ளி வருவார். அவற்றை அழுகவிட்டு, கழுவி, முத்தைச் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை பெறும் என்று மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கிடையாது. ஆங்கிலேயரும் இதே முறையைத் தொடர்ந்தனர். பல ஆண்டுகள் பார்கள் தொடப்படாமல் கிடந்ததற்கு வளமின்மையும் காரணம்தான். ஆயினும் இளஞ்சிப்பியை விட்டுவைத்து, முற்றியபின் எடுப்பது என்ற நெறி இந்தச் சோதனையில்தான் நிலைபெற்றது.

19ஆம் நூற்றாண்டு முதல் இந்த அறிவு அரசு ஏடுகளுக்குள் போயிற்று. எட்கர் தர்ஸ்டன் 1890இலும், ஜேம்ஸ் ஹார்னெல் 1914இலும் 1922இலும் எழுதிய நூல்கள் சங்கு, முத்துக்குளிப்பு ஆய்வுக்கு இன்றும் தவிர்க்க முடியாதவை. அவற்றில் குளியாள் தகவல் தருபவராகவும் கூலியாளாகவும் வருகிறார், முடிவெடுப்பவராக வருவதில்லை. பரதவரின் சாதித்தலைவருக்குச் சலாபத்தில் தனிப் பங்கு நீடித்தது. ஆனால் பாரைத் திறப்பதும் மூடுவதும் அரசின் கையில் இருந்தது.

தூத்துக்குடியின் கடைசித் தொடர் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. மறு ஆண்டே தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற தொழிலில் கரையோர மக்களும் ஈடுபட்டனர் என்பதை மறைக்கக் கூடாது. பாரைக் காக்கும் பொறுப்பும் அதன் பலனும் தம்மிடமிருந்து விலகிய பிறகு அவர்கள் அதில் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1986இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. வளைகுடாவின் வடகோடியில், பாம்பன் அருகே சின்னப்பாலத்தில், விரல்களில் துணி சுற்றிக் கடற்பாசி பறிக்கும் பெண்கள் தாங்களே விதி வகுத்தனர்: மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. பாசி வளரும் தீவுகளோ பூங்கா எல்லைக்குள் இருக்கின்றன.

2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, இயற்கை சார்ந்த தீர்வுகளை வரையறுத்த தீர்மானத்திலேயே உள்ளூர்ச் சமூகங்கள், பழங்குடிகளின் உரிமைகளை மதிக்கச் சொன்னது. மன்னார் வளைகுடாவில் அதை நிறைவேற்ற, இன்றும் சங்குகுளிக்கும் தூத்துக்குடிக் குளியாட்களுக்கும் பாசி பறிக்கும் பெண்களுக்கும் மேலாண்மைக் குழுக்களில் வாக்குரிமையோடு இடம் வேண்டும். எந்தத் திட்டை எத்தனை காலம் மூடி வைப்பது என்ற முடிவில் அவர்கள் கையொப்பமும் இருக்க வேண்டும்.